அச்சாணியைப் பிடுங்கிய பிறகு

1

இந்தக் கதை என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பிறந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் இதற்கு உயர்ந்த நோக்கம் கற்பிக்க வேண்டாம். எனக்கு அறிவியலில் ஆர்வம் கிடையாது. கொசுவிடமிருந்து மனித குலத்தைக் காப்பாற்றும் எண்ணமும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் நாத்தனார் பெரிய பெட்டியோடு வாசலில் வந்து நின்று, "அண்ணி, கொஞ்ச நாள் இங்க இருக்கலாமா?" என்று கேட்டாள். கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள். பாதிச் சாப்பாட்டில், தண்ணீர் ஜக்கை நகர்த்தி வைப்பதுபோலச் சாதாரணமாக, வேலை போய்விட்டது என்றாள்.

அழவில்லை. அழுதிருந்தால் தேற்றியிருப்பேன், அத்தோடு போயிருக்கும். அவள் அழாமல் இரண்டாம் முறை குழம்பு ஊற்றிக்கொண்டதைப் பார்த்துத்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்தக் கோபத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். அது இன்னும் தணியவில்லை. ஆகவே நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். சட்டம் படித்தவள் இல்லை. மலேரியாக் கிருமியின் மரபணுக்களை ஆராய்கிறவள். சின்ன வயதில் "இன்னிக்கு மழை வரும்" என்று யாராவது சொன்னால்கூட "யார் பாத்தா?" என்று சாட்சி கேட்பாளாம். என் மாமியார் வெறுத்துப்போய் வைத்த பெயர் அது. அவளுடைய அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டு நான் இந்தக் குடும்பத்துக்குள் வந்தபோது, "உங்களுக்கு எங்க அண்ணனை நிஜமாவே பிடிச்சிருக்கா, எதை வச்சு சொல்றீங்க?" என்று என்னையும் கூண்டில் ஏற்றினாள். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதம்.

உன்னைப் பற்றி எழுதப்போகிறேன் என்றேன்.

"எழுதுங்க. ஆனா என்னைத் தியாகி ஆக்கக் கூடாது. எங்க புரொஃபசர் சாரை வில்லன் ஆக்கக் கூடாது."

"அப்புறம் கதையில என்னதான் இருக்கும்?"

"நடந்தது இருக்கும்."

கதை எழுதுகிறவளிடம் இதைவிடக் கடுமையான நிபந்தனையை யாரும் விதிக்க முடியாது.

2

முதல் தொடக்கம்:

*அன்று காலை அவள் ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது வானம் கருமேகங்களால்*

[நிறுத்திவிட்டேன். அந்த ஆய்வகத்தில் ஜன்னலே கிடையாது. வானம் எப்படி இருந்தது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.]

இரண்டாவது தொடக்கம்:

*அவள் சிறுமியாக இருந்தபோது மலேரியா அவளுடைய தாயைக் கொண்டுபோனது. கொதிக்கும் அந்த நெற்றியில் ஈரத்துணியைப் போட்டபடி அவள் மனதுக்குள் ஒரு சபதம்*

[இது என் பதிப்பாசிரியரின் யோசனை. நல்ல மனிதர், வியாபாரம் தெரிந்தவர். "மேடம், படிக்கிறவங்களுக்கு ஒரு பிடிமானம் வேணும். இந்தப் பொண்ணு ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிச்சா? வீட்ல யாராவது மலேரியால போயிருந்தா நல்லா இருக்கும்" என்றார். "நல்லா இருக்குமா?" என்றேன். "கதைக்குச் சொல்றேன்" என்றார்.]

இந்த இரண்டு வரியையும் வக்கீல் படித்துவிட்டாள். மேசைமேல் விட்டுவைத்தது என் தப்பு.

"எங்கம்மாவைக் கொன்னுட்டீங்களே, அண்ணி."

"கதைக்காக."

"நேத்துதான் போன்ல அரை மணி நேரம் திட்டினாங்க. செத்தவங்க குரல் மாதிரியே இல்ல."

மாமியாரை உடனே உயிர்ப்பித்துவிட்டேன். அவர் காதுக்கு இது போயிருந்தால் அடுத்த இழவு என்னுடையதாக இருந்திருக்கும்.

ஆனால் பதிப்பாசிரியரின் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. ஒரு ஆண் ராப்பகலாக ஆய்வகத்தில் கிடந்தால் அவனுக்கு உண்மை தெரிய வேண்டும் என்ற வேட்கை என்று எழுதிவிடுகிறோம். ஒரு பெண் கிடந்தால் அவளுக்குப் பின்னால் ஒரு பிணம் வேண்டும், இல்லாவிட்டால் கைவிட்டுப்போன காதலனாவது வேண்டும். நான் தரமாட்டேன். வக்கீலுக்குப் பின்னால் யாரும் சாகவில்லை, யாரும் விட்டுப்போகவில்லை. அவளுக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அந்தக் காரணம் போதவில்லை என்கிறவர்கள் இந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவைக்கலாம். எனக்கு வருத்தமில்லை.

3

இனி கொஞ்சம் பாடம். இதைத் தாண்டிக் குதிக்க வழி தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

மலேரியாக் கிருமி நம் ரத்தத்தின் சிவப்பணுவுக்குள் புகுந்து, அதை உள்ளிருந்தே தின்று பெருகி, உடைத்துக்கொண்டு வெளியே வந்து, அடுத்தடுத்த அணுக்களுக்குள் புகுகிறது. அந்தத் துளியூண்டு உயிருக்கு ஐயாயிரத்துக்கும் அதிகமான மரபணுக்கள். அவற்றில் ஏராளமானவை என்ன வேலை செய்கின்றன என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஒரு மரபணு எதற்கு இருக்கிறது என்று அறிய நேர்வழி, அதைக் கெடுத்துவிட்டு என்ன ஆகிறதென்று பார்ப்பது.

"ஒரு மெஷின்ல ஒரு ஸ்க்ரூவைக் கழட்டிட்டு ஓட்டிப் பாக்கற மாதிரியா?" என்று சமையலறையில் கேட்டேன்.

"அதேதான். ஆனா மெஷின் ஓடலைன்னு வைங்க. அந்த ஸ்க்ரூ அவ்வளவு முக்கியமா, இல்ல கழட்டும்போது உங்க கைபட்டு வேற எதாவது உடைஞ்சுதான்னு எப்படிச் சொல்வீங்க?"

"சொல்ல முடியாது."

"அதுல மாட்டிக்கிட்டவர்தான் எங்க சார்."

அவளுடைய பேராசிரியர் இளைஞராக இருந்த காலத்தில் இருந்த கருவி முரடு. மின் அதிர்ச்சி கொடுத்துக் கிருமியின் மேலுறையில் ஓட்டை விழவைத்து, மரபணுவைக் கெடுப்பதற்கான டி.என்.ஏ. துண்டை உள்ளே தள்ளி, அது தானாகப் போய்ச் சரியான இடத்தில் உட்காரும் என்று மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவர் ஒரு மரபணுவை எடுத்துக்கொண்டு வருடக்கணக்கில் முட்டி மோதினார். அந்த மரபணு இல்லாத கிருமி ஒன்றுகூட அவருக்கு அகப்படவில்லை. ஆகவே, இது இல்லாமல் மலேரியாக் கிருமி உயிர்வாழாது என்று எழுதினார். அதற்கு அச்சாணி என்று பெயர் வைத்தார். பிடுங்கினால் வண்டி குடைசாயும் என்று பொருள். பெயர் பிடித்துக்கொண்டது. பல வருடம் கழித்து ஒரு மருந்து நிறுவனம் அவரைத் தேடி வந்தது. அச்சாணியைப் பிடுங்கும் மாத்திரை ஒன்றைச் செய்யலாமா என்று கேட்டது.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது, இங்கேயே போடுகிறேன்: அவர் பொய் எழுதவில்லை. அன்றைய கருவியை வைத்து அன்று எல்லோரும் அப்படித்தான் முடிவுக்கு வந்தார்கள். கண்ணில் படாததை இல்லை என்று சொல்வதில் எப்போதுமே ஒரு ஆபத்து உண்டு, அவ்வளவுதான்.)

வக்கீல் கையாண்டது புதிய கருவி. அதன் தந்திரம், எடுத்தவுடனே கெடுக்காமல் பொறுத்திருப்பது. அச்சாணியின் இரண்டு முனையிலும் ‘இங்கே வெட்டு’ என்று அடையாளம் பதிக்கிறார்கள். வெட்டும் புரதத்தை இரண்டு பாதியாக்கிக் கிருமிக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். பாதிகள் தனித்தனியாக இருக்கும்வரை எதுவும் நடக்காது. கிருமி தன் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கும். வேண்டுமென்கிறபோது குடுவையில் ஒரு மருந்தைச் சொட்டினால் இரண்டு பாதியும் சேர்ந்து கத்திரியாகி, மரபணுவை வெட்டி எறியும். கிருமி செத்தால் நம் கண்முன்னே சாகும். எப்படிச் சாகிறது என்றும் பார்க்கலாம்.

இந்த வேலையை அவளுக்குக் கொடுத்தது பேராசிரியரேதான். அச்சாணி போனதும் கிருமி எப்படித் துடிக்கும் என்று பார்க்க அவருக்கு அத்தனை ஆசை.

(இன்னொன்று. கிருமியைக் குடுவையில் வளர்க்க மனித ரத்தம் வேண்டும். ஒருநாள் வக்கீல் போனில், எப்படி இருக்கீங்க என்றுகூடக் கேட்காமல், "அண்ணி, உங்க பிளட் குரூப் என்ன?" என்றாள். முறைப்படி சோதித்துவிட்டு எடுத்துக்கொண்டார்கள். ஆகவே இந்தக் கதையில் வரும் கிருமிகளில் கொஞ்சம் என் ரத்தத்தைத் தின்று வளர்ந்தவை. எனக்கும் அவற்றுக்கும் ஏதோ ஒரு முறை ஆகிறது. என்ன முறை என்று மாமியாரைத்தான் கேட்க வேண்டும்.)

4

மருந்தைச் சொட்டிவிட்டுக் காத்திருந்தாள். பிறகு ஒரு துளியை எடுத்து ஸ்லைடில் தேய்த்து, சாயமேற்றி, மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்தாள். சுருங்கிக் கருத்துப்போன புள்ளிகளை எதிர்பார்த்துக் குனிந்தாள். வெளிறிய அணுக்களுக்குள் ஊதா நிற மோதிரங்கள் தெரிந்தன. சின்ன மோதிரம் என்றால் இளம் கிருமி, அப்போதுதான் அணுவுக்குள் நுழைந்தது என்று அர்த்தம். அதாவது, பெருகியிருக்கின்றன. எண்ணிக்கை குறைவுதான், மந்தமும்தான். ஆனால் உயிரோடு இருந்தன.

"என்ன தோணுச்சு?" என்று கேட்டேன்.

"எங்கயோ சொதப்பிட்டேன்னு தோணுச்சு."

*அந்தக் கணத்தில் அவளுடைய உடல் சிலிர்த்தது. ஒரு மகத்தான உண்மையின் வாசலில் தான் நிற்பதை*

[அடித்துவிட்டேன். சொதப்பிட்டேன் என்றுதான் அவளுக்குத் தோன்றியிருக்கிறது.]

யாரிடமும் மூச்சு விடாமல் முதலிலிருந்து திரும்பச் செய்தாள். வெட்டு விழுந்திருந்தது. அந்த மரபணு உண்டாக்கும் புரதம் துளிகூட இல்லை. கிருமிகள் நொண்டிக்கொண்டு, ஆனால் விடாமல், வளர்ந்தன. பிறகு அச்சாணியை அந்தக் கிருமிக்குள் திரும்ப வைத்துப் பார்த்தாள். பழைய வேகம் வந்துவிட்டது. ஆக, நொண்டலுக்குக் காரணம் அச்சாணிதான், வேறு கோளாறு எதுவும் இல்லை. அச்சாணி இருந்தால் வண்டி வேகமாக ஓடுகிறது. இல்லாவிட்டால் மெதுவாக ஓடுகிறது. குடைசாயவில்லை.

பழைய முயற்சிகளில் ஏன் ஒன்றுகூட அகப்படவில்லை என்பதும் அவளுக்கு அப்போது புரிந்தது. மின் அதிர்ச்சியில் ஏற்கெனவே அரைச் சாவு செத்த கிருமிக்கூட்டத்தில், மந்தமாக வளர்கிறவை பந்தயத்தில் பின்தங்கிக் காணாமல் போயிருக்கும்.

பேராசிரியரின் அறைக்குப் போனாள்.

"சார், அச்சாணி போயிடுச்சு. வண்டி ஓடுது."

அவர் சிரிக்கவில்லை. வந்து மைக்ரோஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார்.

"எல்லாத்துலயும் வெட்டு விழுந்திருக்காதும்மா. தப்பிச்ச கொஞ்சம் பெருகியிருக்கும். நீ அதைத்தான் பாக்கறே."

நியாயமான கேள்வி என்று வக்கீலே சொல்கிறாள். அவளாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பாளாம். அதனால் கிருமிகளைப் பிரித்தாள். சோதனைத் தட்டின் ஒவ்வொரு குழியிலும் ஒரே ஒரு கிருமி விழும் அளவுக்குத் திரவத்தை நீர்க்கச் செய்து, அந்த ஒற்றைக் கிருமியிலிருந்து ஒரு வம்சமே உண்டாகும்வரை காத்திருந்தாள். அச்சாணி இல்லாத ஒன்றின் பிள்ளைகள் அத்தனையும் அச்சாணி இல்லாதவை. தப்பித்தது எதுவும் ஒளிந்துகொள்ள அங்கே இடமில்லை.

வளர்ந்தன. திரும்ப அவர் அறைக்குப் போனாள். இம்முறை அவர் எழுந்து வரவில்லை.

"கருவியில ஏதோ கோளாறு."

"என்ன கோளாறு சார்? சொல்லுங்க, பாத்துடறேன்."

"பாத்துக்கிட்டே இருந்தா எப்பத்தான் முடிக்கறது?"

"நீங்கதான் சார் என்னை இப்படிப் பழக்கினீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வளர்ச்சி குறையுதுன்னு நீயே சொல்றே இல்ல. ஒரு மருந்துக்கு அது போதும்."

"மெதுவாகுது சார், சாகலை. மாத்திரை போட்டவனுக்குக் காய்ச்சல் மெதுவா வந்தாப் போதுமா?"

அந்தக் கிருமிகளை உறையவைத்துவிட்டு வேறு வேலை பார்க்கச் சொன்னார். உறையவைத்தாள். அதற்கு முன் ஒவ்வொரு குப்பியிலும் உள்ளே இருப்பது என்ன என்று தெளிவாக எழுதி ஒட்டினாள். ‘அச்சாணி இல்லாதது, உயிருள்ளது.’

5

இங்கே எனக்கு ஒரு பாத்திரத்தின்மேல் சந்தேகம் வந்துவிட்டது. பேராசிரியரை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதல் தடவை அவர் மேசையில் குத்தினார். வக்கீல் படித்துவிட்டு, "அவர் கதவைக்கூடச் சத்தமா சாத்த மாட்டார்" என்றாள். இரண்டாம் தடவை அவர் மருந்து நிறுவனத்திடம் ரகசியமாக ஏதோ வாங்கிக்கொண்டிருந்தார். "பழைய சட்டையோட திரியற மனுஷன், அண்ணி" என்றாள். மூன்றாம் தடவை நடந்ததை எழுதினேன். அதுதான் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

நடந்தது இது. வக்கீல் அங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில் குடல்வால் வெடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நாங்கள் ஊர் தாண்டிப் போய்ச் சேர ஒரு நாள் ஆகிவிட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வார்டுக்கு வெளியே பெஞ்சில், முழங்காலில் ஒரு ஃப்ளாஸ்க்கை வைத்துக்கொண்டு, ஷூவைக் கழற்றிவிட்டு, ஒருவர் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். காலுறையில் ஓட்டை. என் கணவர் அவரை வார்டு பாய் என்று நினைத்து, "ஐயா, இங்க டாக்டர் எங்க இருப்பார்?" என்று எழுப்பினார். அவர் எழுந்து போய் டாக்டரையே அழைத்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகுதான் தான் யாரென்று சொன்னார்.

பதிப்பாசிரியர் இந்தப் பத்தியை எடுத்துவிடச் சொன்னார். "கோபம் குறைஞ்சிடுது மேடம்." எடுத்துப் பார்த்தேன். கதை சாகவில்லை. ஆனால் ஒரு கெட்டவரை ஒரு நல்லவள் எதிர்த்தாள் என்று ஆகிவிட்டது. அதற்கென்ன, யார் வேண்டுமானாலும் எதிர்ப்பார்கள். வக்கீல் எதிர்த்தது கெட்டவரை இல்லை. தனக்காக ஓட்டைக் காலுறையோடு பெஞ்சில் தூங்கியவரை. அவளுடைய தைரியம் எவ்வளவு என்று அளக்க வேறு அளவுகோல் கிடையாது. பத்தியைத் திரும்ப வைத்துவிட்டேன். இனி யார் சொன்னாலும் எடுக்கமாட்டேன்.

6

மருந்து நிறுவனத்தார் வரும் நாள் நெருங்கியது. அச்சாணியை நம்பிப் பெரிய அளவில் இறங்கலாமா வேண்டாமா என்று அன்றுதான் முடிவு செய்வதாக இருந்தார்கள். இறங்கினால் பல வருட வேலை. எத்தனையோ பேருடைய உழைப்பு அதில் போகும். கடைசியில் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்தும் பார்ப்பார்கள்.

புதிய கருவியைப் பற்றி வக்கீல் கொஞ்ச நேரம் பேசுவதாக ஏற்பாடு. பேச்சுக்கான படங்களை முன்கூட்டியே பேராசிரியருக்கு அனுப்பினாள். ஊதா மோதிரங்களும் அதில் இருந்தன. அவர் கூப்பிட்டார்.

"அந்த ஒரு படத்தை மட்டும் எடுத்துடும்மா. இன்னும் உறுதியாகலை."

"எப்ப உறுதியாகும் சார்?"

"அவங்க வந்துட்டுப் போகட்டும்."

"அவங்க முடிவு பண்ணதுக்கு அப்புறம் உறுதியாகி என்ன பிரயோஜனம்? நான் காட்டத்தான் போறேன் சார். உங்களுக்குத் தெரியாம செய்யக் கூடாதுன்னுதான் முதல்லயே அனுப்பினேன்."

"அப்ப நீ பேச வேண்டாம். உட்கார்ந்து கேளு, போதும்."

அன்று மாலை எங்களுக்குப் போன் செய்தாள். என் கணவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஒரு படம்தானே?" என்றார். "அவர் சொல்றபடி விட்டுடு. உன்மேல உயிரா இருக்கற மனுஷன். அடுத்த வருஷம் நீயே தனியா எழுதிக்கோ."

"அடுத்த வருஷத்துக்குள்ள அவங்க ஆரம்பிச்சிருப்பாங்க, அண்ணா."

"ஆரம்பிக்கட்டுமே. மருந்து வேலை செய்யலைன்னா அவங்களே நிறுத்திடப் போறாங்க."

"எப்படித் தெரியும் வேலை செய்யலைன்னு? யாருக்காவது குடுத்துப் பாத்துத்தானே தெரியும்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் என்ன சொன்னேன் என்று இங்கே எழுத வேண்டும். ஏதாவது நறுக்கென்று சொன்னதாக எழுதலாம், எழுதுகிறவள் நான்தானே. உண்மையில், "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். "சாப்பிட்டேன் அண்ணி" என்று வைத்துவிட்டாள். போனை மேசையில் போட்ட என் கணவர், "அவ பேசத்தான் போறா" என்றார். குரலில் கவலை இருந்தது. கொஞ்சம் பெருமையும் இருந்ததை அவர் மறைக்கப் பார்த்தார்.

7

நீளமான மேசை. ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். ஏசி தேவைக்கு மேல் குளிர்ந்தது. பேராசிரியர் தன் பழைய வேலையை அழகாக எடுத்துச் சொன்னார் என்கிறாள். அவர் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாமாம். வக்கீல் சுவரோரம் கடைசி நாற்காலியில் இருந்தாள்.

வந்தவர்களில் தலைமை ஒரு நடுத்தர வயதுப் பெண். அவளும் ஒருகாலத்தில் குடுவையோடு மல்லாடியவள்தான் போலிருக்கிறது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாகக் கேட்டாள். "அந்தக் காலத்துல நீக்க முடியலைன்னு சொல்றீங்க, சரி. இப்ப இருக்கற முறையில, வளரவிட்டு வெட்டிப் பாத்தீங்களா?"

"நடந்துக்கிட்டிருக்கு" என்றார் பேராசிரியர்.

*அவள் ஒரு புயலைப்போல எழுந்து*

[புயலைப்போல எழவில்லை. எழும்போது அவளுடைய தண்ணீர் பாட்டில் கீழே விழுந்து உருண்டது. பக்கத்தில் இருந்தவர் குனிந்து எடுத்தார். அவர் நிமிரும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டியிருந்தது.]

"முடிஞ்சிருச்சு மேடம்" என்றாள். "நான்தான் செஞ்சேன்."

"என்ன ஆச்சு?"

"மெதுவா வளருது. சாகலை."

"தப்பிச்சதா இருக்கலாமே?"

"ஒண்ணொண்ணாப் பிரிச்சு வளர்த்துட்டேன். எல்லாம் அச்சாணி இல்லாதது."

குரல் நடுங்கவில்லையாம். நடுங்கியிருந்தால் உட்கார்ந்திருப்பேன் என்கிறாள்.

அந்தப் பெண் பேராசிரியரின் பக்கம் திரும்பினாள். "இது உங்களுக்குத் தெரியுமா?"

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். இந்த இடத்தில் அவரால் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்க முடியும். சின்னப் பெண், அவசரக்காரி, இன்னும் சரிபார்க்கவில்லை என்றால் அறை அவரைத்தான் நம்பியிருக்கும். அவருடைய பெயருக்கு அந்த எடை இருந்தது. என்னுடைய கோபம் முழுவதும் அவர் அப்படிச் சொல்ல வேண்டுமென்று விரும்புகிறது; சொல்லியிருந்தால் எனக்கு எழுதச் சுலபம்.

"தெரியும்" என்றார் அவர்.

தன் முன்னால் இருந்த காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். ஏற்கெனவே அடுக்கியிருந்தவற்றைக் கலைத்துத் திரும்பவும் அடுக்கினார்.

8

பதிப்பாசிரியர் இரண்டு முடிவுகளை அனுப்பியிருந்தார்.

ஒன்றில் பேராசிரியர் கண்ணீரோடு வந்து, "நீ ஜெயிச்சுட்டேம்மா" என்கிறார். இன்னொன்றில் வக்கீல் பெரிய மேடையில் விருது வாங்குகிறாள், கடைசி வரிசையில் அவர் எழுந்து நின்று கைதட்டுகிறார். இரண்டிலும் அவரைக் குனியவைக்காமல் விடமாட்டேன் என்கிறது கதை. இரண்டையும் குப்பையில் போட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். மருந்து நிறுவனம் பின்வாங்கியது. அதோடு ஆய்வகத்தின் பாதி வேலை நின்றது. வக்கீலின் வேலையும் அதில் போனது. திட்டம் இல்லை, ஆகவே ஆள் தேவையில்லை; யாரும் எதையும் மீறவில்லை, எல்லாம் முறைப்படிதான். கூட வேலை பார்த்த ஒருவன் அவள் முகத்துக்கு நேராகவே, "உன்னால எனக்கும் போச்சு" என்றான். அவனை இந்தக் கதையிலிருந்து நீக்கிவிடலாமா என்று யோசித்தேன், நீக்கவில்லை.

பேராசிரியர் அவளிடம் அதற்குப் பிறகு பேசவில்லை. ஆனால் தொலைவிலுள்ள இன்னொரு ஆய்வகம் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்து பார்க்க முன்வந்தபோது, உறைந்த குப்பிகளை அவரே எடுத்துப் பொதிந்து அனுப்பிவைத்தார். அவள் எழுதி ஒட்டியதைக் கிழிக்காமல், அப்படியே.

வக்கீல் இப்போது ஒரு ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறாள். காய்ச்சலோடு வருகிறவர்களின் ரத்தத்தைப் பார்த்துக் கிருமி இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். "இருந்தா இருக்குன்னு சொல்லணும், இல்லைன்னா இல்லைன்னு சொல்லணும். யாரும் வேற மாதிரி சொல்லச் சொல்றதில்லை" என்கிறாள். ஆய்வகங்களுக்கு விண்ணப்பித்துக்கொண்டும் இருக்கிறாள். பெரும்பாலும் பதில் வருவதில்லை.

அந்தத் தொலைவு ஆய்வகத்தின் சோதனை இன்னும் முடியவில்லை. இதை நான் பதிப்பாசிரியரிடம் உளறியிருக்கக் கூடாது.

"அப்ப கொஞ்சம் பொறுக்கலாமே மேடம். அவ கண்டது சரின்னு வந்தா கதை எங்கயோ போயிடும்."

"தப்புன்னு வந்தா?"

"தப்புன்னு வந்தா..." அவர் இழுத்தார். "அது வேற மாதிரிக் கதை. யோசிச்சு எழுதணும்."

அன்று மாலை வக்கீல் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே இதைச் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். யோசித்தாள்.

"தப்பாவும் இருக்கலாம், அண்ணி. நான் பாக்காதது ஏதாவது இருக்கலாம். சாருக்கும் அப்படித்தானே ஆச்சு."

"வந்தா என்ன பண்ணுவே?"

"எழுந்து நின்னு, நான் சொன்னது தப்புன்னு சொல்வேன். அதுக்குப் பயந்து அன்னிக்கு உட்கார்ந்திருக்கணும்கறீங்களா?"

நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் பதிப்பாசிரியர் பொறுக்கச் சொன்னதன் அர்த்தம் அதுதான். அவள் எழுந்து நின்றது சரியா தவறா என்பதை எங்கோ ஒரு குடுவை தீர்மானிக்க வேண்டும் என்கிறார். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அவள் பார்த்ததைப் பார்த்தாள், தன்னைத் தானே பலமுறை குறுக்கு விசாரணை செய்தாள், கேட்டவர்களுக்குச் சொன்னாள். குடுவைக்கு அச்சாணியைப் பற்றித் தெரியும். வக்கீலைப் பற்றி அதற்கு என்ன தெரியும்?

ஆகவே முடிவு வருவதற்கு முன்பே இதை அச்சுக்கு அனுப்புகிறேன். நீங்கள் படிக்கும் நேரத்தில் செய்தி வந்திருக்கலாம். அச்சாணி இல்லாமல் கிருமி வாழும் என்றோ வாழாது என்றோ எங்காவது ஒரு மூலையில் போட்டிருப்பார்கள். தேடிப் பார்க்க ஆசையாக இருந்தால் பாருங்கள். ஆனால் பார்ப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். அந்தக் குளிர்ந்த அறையில் உங்களையும் ஒரு நாற்காலியில் உட்காரவைத்திருக்கிறேன். எதிரே உங்களுக்கு உயிரானவர், "நடந்துக்கிட்டிருக்கு" என்று சொல்லிவிட்டார். முடிந்துவிட்டது என்று உங்களுக்குத் தெரியும். அறை காத்திருக்கிறது.

இதற்கு மேல் நான் எழுதமாட்டேன்.